முந்திரிக் கடை: லைக் குவியுது, ஆர்டர் வரல. கடலூர், பாண்டி வட்டாரத்துக்கு விளம்பரம் எப்படி வைக்கணும்?

புலியூர்_முந்திரி கேட்டது:

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சில்லறை முந்திரிக் கடை. முழுப்பருப்பு மூணு சைஸ், அரைப்பருப்பு, மிளகு போட்டு வறுத்தது, சீசனில் பலாச்சுளை சிப்ஸ். பருப்பு பண்ருட்டிப் பக்கம் உடைக்கிற இடத்துலேருந்து நேரா வருது.

இன்ஸ்டாகிராமில் 3,100 பேர் பின்தொடர்றாங்க. வாரம் மூணு ரீல் போடுறோம். மாசம் ரெண்டு தடவை 500 ரூபாய்க்கு 5 நாள் பூஸ்ட் (காசு கட்டி ரீலை அதிகம் பேருக்குக் காட்டுறது). இடம் "புதுச்சேரி, கடலூர், சென்னை"ன்னு கொடுத்திருக்கு. ஒவ்வொண்ணும் பதினஞ்சாயிரம் வியூ போகுது. கமெண்ட்ல "ரேட்?"னு நிறைய பேர் கேக்குறாங்க, "இன்பாக்ஸ் பாருங்க"ன்னு பதில் போடுறோம். ஆர்டர்னு வந்தா நாலோ அஞ்சோதான்.

தெரிஞ்சுக்க வேண்டியது:
பூஸ்ட்டைத் தொடரலாமா?
2,000 நம்பருக்கு ஒரே தட்டுல வாட்ஸ்அப் அனுப்புற சாஃப்ட்வேர் ஒண்ணு விலைக்குச் சொல்றாங்க, வாங்கலாமா?
பாண்டி ஃபுட் பேஜ் ஒண்ணு ஒரு ரீலுக்கு 8,000 கேக்குது, கொடுக்கலாமா?
வெப்சைட் அவசியமா?

வார இறுதியில பாண்டிக்கு வர்ற சென்னை, பெங்களூர்க்காரங்களைப் பிடிக்கணும்ங்கறதுதான் முக்கிய எண்ணம்.

---

உப்பளம்_விளம்பரம்:

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் பணத்தில் ஒரு பகுதி அங்கேயே கசிகிறது.

இடத் தேடலில் "புதுச்சேரி" என்று அடித்தால் இரண்டு வகையான விடை வரும்: ஒன்று நகரம், இன்னொன்று யூனியன் பிரதேசம். பிரதேசத்தைத் தொட்டுவிட்டால் காரைக்கால், கேரளக் கடற்கரையில் இருக்கும் மாஹே, ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் இருக்கும் ஏனாம் எல்லாம் சேர்ந்துவிடும். ஏனாமில் இருப்பவர் உங்கள் தமிழ் ரீலை இரண்டு நொடி பார்த்துவிட்டுத் தள்ளினாலும் அது வியூ கணக்கில் ஏறும். நகரத்தைத் தேர்ந்தாலும் அதோடு ஒரு சுற்றளவு தானாக ஒட்டிக்கொண்டு வரும். அதையும் பாருங்கள்.

பின்கோடை நம்பியும் வேலை செய்ய வேண்டாம். 605 என்று தொடங்கினால் பாண்டி என்று பலர் நினைக்கிறார்கள். விழுப்புரமும் 605 தான்.

சரியான வழி: பூஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு, கணினியில் ஆட்ஸ் மேனேஜரை (இன்ஸ்டா, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கருவி) திறந்து, வரைபடத்தில் ஊசி குத்துங்கள். பாண்டி நகரத்துக்கு நேரு வீதிப் பக்கம் ஒரு ஊசி, 7 அல்லது 8 கி.மீ. கடலூருக்கு மஞ்சக்குப்பத்தில் ஒன்று, 10 கி.மீ. நெய்வேலி டவுன்ஷிப்புக்குத் தனியாக ஒன்று. கடலூரில் ஒரே ஊசி குத்தி 30 கி.மீ. வட்டம் போட்டால் கிட்டத்தட்ட பாதி வட்டம் கடலில் விழும். மீதியில் நீங்கள் நினைக்காத கிராமங்கள் நிறைய வரும்.

சென்னையை இவற்றோடு ஒரே தொகுப்பில் வைக்கவே கூடாது. மெட்டாவின் கணக்கு மலிவாக ஆள் கிடைக்கும் பக்கம் பணத்தை ஓட்டும். கூட்டம் பெரிதாக இருக்கும் சென்னை முக்கால் பங்கைத் தின்றுவிடும், கடலூருக்கு அரைகுறையாகத்தான் போகும். தனி ஆட் செட் (விளம்பரத் தொகுப்பு), தனித் தொகை, தனி வாசகம்.

அடுத்தது குறிக்கோள். பூஸ்ட்டில் "கூடுதல் புரொஃபைல் பார்வை" என்று தேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்யும் பழக்கமுள்ளவர்களைத்தான் அது தேடிக் கொடுக்கும். புரொஃபைலைத் தட்டிப் பார்க்கிறவர் வேறு, விலை கேட்டு வாங்குகிறவர் வேறு. எங்கேஜ்மென்ட் குறிக்கோளில், சேருமிடமாக வாட்ஸ்அப்பை வையுங்கள். அதற்கு உங்கள் வாட்ஸ்அப் பிசினஸ் எண் ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைந்திருக்க வேண்டும். விளம்பரத்தைத் தட்டினால் வரும் தயார்க் கேள்விகளையும் நீங்களே எழுதலாம்: "அரை கிலோ என்ன விலை?", "பாண்டிக்கு டெலிவரி உண்டா?" என இரண்டு போதும்.

ஆர்வப் பட்டியலில் முந்திரி, டிரை ஃப்ரூட்ஸ் என்று தேடித்தேடிச் சேர்ப்பதில் இப்போது பெரிய பலன் இல்லை. அட்வான்டேஜ் பிளஸ் (மெட்டாவே ஆட்களைத் தேடும் தானியங்கி வசதி) வந்தபிறகு அதையெல்லாம் அது ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இடம், குறைந்தபட்ச வயது, மொழி இவைதான் கறாரான வேலி. யாருக்குப் போக வேண்டும் என்பதை வீடியோவின் முதல் வரியே சொல்ல வேண்டும்.

தொகை விஷயம். 500 ரூபாயில் 18% ஜிஎஸ்டி உள்ளடக்கம் என்றால் விளம்பரத்துக்குப் போவது 424 ரூபாய். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 85 கூட இல்லை, அதையும் மூன்று ஊருக்குப் பங்கிடுகிறீர்கள். ஒரு ஆட் செட் பழகிமுடிய, அதாவது யாருக்குக் காட்டலாம் என்று கற்றுக்கொள்ள, ஏழு நாளில் ஏறக்குறைய 50 பலன் (உதாரணமாக வாட்ஸ்அப் விசாரிப்பு) வேண்டும் என்பது மெட்டா சொல்லும் கணக்கு. உங்கள் செலவில் அது எட்டாது. ஆனாலும் மாதம் இரண்டு முறை விட்டுவிட்டுச் செய்வதைவிட, ஒரே ஊரைப் பிடித்து நாளுக்கு 150 ரூபாய் வீதம் 14 நாள் தொடர்ச்சியாக விடுவது மேல். இடையில் தொகையையோ படத்தையோ பெரிதாக மாற்றினால் பழகல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதனால் முதல் நான்கு நாள் கையை வைக்காதீர்கள்.

விளம்பரக் கணக்கின் பில்லிங் பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். வழக்கமான பதிவு என்றால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

---

கெடிலக்கரை:

சுற்றுலாக்காரங்க பத்தி ஒண்ணு சொல்லணும். பாண்டிக்கு வர்ற சென்னைக்காரர் ஊர் திரும்புறது வடக்கே, இசிஆர் வழியா. நீங்க இருக்கிறது தெற்கே 20 கி.மீ.க்கு மேல. "வாங்க கடைக்கு"ன்னு அவருக்கு விளம்பரம் வெச்சா வரமாட்டார். வழியில உங்களைத் தாண்டிப் போறவங்க யாருன்னு பாருங்க: பாண்டியிலேருந்து சிதம்பரம், பிச்சாவரம், வேளாங்கண்ணி போறவங்க. அவங்க தேடுறது இன்ஸ்டாவுல இல்ல, காரில் உக்காந்துகிட்டு கூகுள் மேப்ல.

அதனால மேப்ல உங்க கடைப் பக்கத்தை (கூகுள் பிசினஸ் புரொஃபைல்) இந்த வாரமே பிடிங்க. காசு செலவில்லை.

முதன்மை வகைன்னு ஒண்ணு கேக்கும். "மளிகை"ன்னு பொத்தாம்பொதுவா போடாம உலர்பழக் கடைங்கற வகையைத் தேர்ந்தெடுங்க. கடைப் பேர்ல "பெஸ்ட் கேஷ்யூ கடலூர்"னு எல்லாம் ஒட்டவைக்காதீங்க. போர்டுல என்ன பேர் இருக்கோ அதுதான் இருக்கணும், இல்லேன்னா பக்கத்தையே முடக்கிடுவாங்க. நம்ம ஊர் பேரை ஆங்கிலத்துல ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க, பாதிப் பேர் திருப்பாப்புலியூர்னே தேடுறாங்க. அந்த வடிவங்களை எல்லாம் விவரக் குறிப்புல இயல்பா ஒரு வாக்கியத்துல சேர்க்கலாம், பேர்ல வேண்டாம்.

சரிபார்ப்புக்கு இப்ப பெரும்பாலும் வீடியோதான் கேக்குது. வெட்டாம ஒரே ஓட்டமா எடுக்கணும்: தெருவுல பக்கத்துக் கடை தெரியணும், உங்க பெயர்ப்பலகை தெரியணும், அப்புறம் ஷட்டரைத் திறக்குறது, கல்லாவுக்குப் பின்னாடி போறது. கடை உங்க பொறுப்புலதான் இருக்குன்னு தெரிஞ்சா போதும். பலகை இல்லாம பேனர் மட்டும் தொங்குற கடைகளுக்கு இதுலதான் நிராகரிப்பு வருது.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தராதீங்க, கூகுள் விதிப்படி கூடாது. ஒரே நாள்ல கடை வைஃபையிலேருந்து பத்து பேர் போட்டா வடிகட்டித் தூக்கிடும். பில்லோட ஒரு க்யூஆர் சீட்டு கொடுங்க, மெல்ல வரட்டும். தைப்பூசம், பொங்கல், மாசி மகம் நாள்ல கடை நேரம் மாறினா சிறப்பு நேரத்துல போடணும். "திறந்திருக்கு"ன்னு மேப் சொல்லி, வந்து பூட்டைப் பார்த்தவர் எழுதுற ஒரு ஸ்டார் லேசுல அழியாது.

வெப்சைட் கேட்டீங்க. இப்போதைக்கு வேண்டாம். கூகுள் பக்கத்தோட இலவசமா வந்த சின்ன வெப்சைட்டை 2024 மார்ச்சுலேயே மூடிட்டாங்க. பழைய விசிட்டிங் கார்டுல அந்த முகவரி இருந்தா மாத்துங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு கிடைச்சிருக்கு: 2025 ஜூலையிலேருந்து பிசினஸ் கணக்குல போடுற பொது இன்ஸ்டா பதிவு கூகுள் தேடல்லேயும் வருது. உங்க கேப்ஷன்ல வெறும் இதயமும் தீயும் போடாம "கடலூர் மிளகு முந்திரி, 400 கிராம், பாண்டி டெலிவரி"ன்னு மனுஷன் தேடுற வார்த்தை இருக்கணும்.

---

தேவனாம்பட்டினம்_607:

"ரேட்?"னு கேட்டவருக்கு "இன்பாக்ஸ் பாருங்க"ன்னு பதில் போடுறதுலதான் உங்க ஆர்டர் போகுது. கேட்ட அந்த நிமிஷம் அவர் வாங்குற மனசுல இருக்கார். நீங்க போட்ட மெசேஜ் "கோரிக்கை" ஃபோல்டர்ல கிடக்கும், அவர் பார்க்கவே மாட்டார். விலையை வீடியோவுலேயே எழுதுங்க. போட்டிக்கடை பார்த்துடுவான்னு பயப்பட வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில கேட்டலாக்ல (பொருள் பட்டியல்) பொருள்களைப் பதிங்க. 500 பொருள் வரைக்கும் போடலாம், உங்களுக்கு எட்டு போதும். பேர்லேயே எடை இருக்கணும். அப்புறம் குவிக் ரிப்ளை. சாய்கோடு போட்டு "ரேட்"னு அடிச்சா முழுப் பதிலும் வந்து நிக்கணும். இப்படி எழுதலாம், விலை மட்டும் உங்களோடது:

"வணக்கம். இன்றைய விலை:
பெரிய முழு முந்திரி 400 கிராம் – ரூ. ___
நடுத்தர முழு முந்திரி 400 கிராம் – ரூ. ___
மிளகு முந்திரி 400 கிராம் – ரூ. ___
கூரியர் சேர்த்த விலை. இன்று மாலை 4 மணிக்குள் பணம் அனுப்பினால் இன்றே கிளம்பும்.
எது, எத்தனை பாக்கெட், எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்."

கடைசி வரி முக்கியம். அது இல்லேன்னா பாதிப் பேர் "ஓகே"ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க.

ஏன் 400 கிராம்னு கேப்பீங்க. கூரியர்ல பல இடத்துல அரைக் கிலோ, அரைக் கிலோவாத்தான் கட்டணம் ஏறும். 500 கிராம் பருப்பு, கவர், அட்டைப்பெட்டி, டேப்பு எல்லாம் தராசுல வெச்சா 560, 580 காட்டும். ஒரு கிலோ கட்டணம் வாங்கிடுவாங்க. 400 கிராம் போட்டா பெட்டியோட 480க்குள்ள நிக்கும். அதே கணக்குல அடுத்த பாக்கெட் ஒரு கிலோ இல்ல, 900 கிராம். 250 கிராம் தனியா கூரியர் பண்ணவே பண்ணாதீங்க, லாபம் கூரியர்காரருக்குத்தான்.

பாக்கெட் மேல நிகர எடை, எம்ஆர்பி, ஒரு கிராமுக்கான விலை, பேக் பண்ண தேதி, முகவரி, குறை சொல்ல ஒரு எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் இதெல்லாம் கண்டிப்பா இருக்கணும். ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சதும் இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

2,000 நம்பர் சாஃப்ட்வேர்: வாங்காதீங்க. அது வாட்ஸ்அப் அனுமதிச்ச வழி கிடையாது. நம்பரைச் சேமிக்காதவங்க "ஸ்பேம்"னு அமுக்குவாங்க, கொஞ்ச பேர் அமுக்கினாலே எண் முடங்கும். முடங்குறது புது சிம் இல்ல, வருஷக்கணக்கா போர்டுல எழுதிவெச்ச கடை நம்பர்.

நேர்வழி ரெண்டு. ஒண்ணு, செயலியில இருக்கிற பிராட்காஸ்ட்: ஒரு பட்டியலுக்கு 256 பேர், உங்க எண்ணைச் சேமிச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். சேமிக்கவைக்க பாக்கெட்டுக்குள்ள ஒரு சீட்டு போடுங்க: "அடுத்த விலைப்பட்டியல் வேண்டுமா? இந்த எண்ணைச் சேமித்து 'முந்திரி' என்று அனுப்புங்கள்." இன்னொண்ணு அதிகாரபூர்வ ஏபிஐ (மென்பொருள் வழியா மெசேஜ் அனுப்ப வாட்ஸ்அப்பே தர்ற இணைப்பு). அதுக்கு வாசகத்தை முன்கூட்டி ஒப்புதல் வாங்கணும், வாடிக்கையாளர் சம்மதம் வேணும், 2025 ஜூலை 1லேருந்து விளம்பர வாசகத்துக்கு மெசேஜ் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு கட்டணம். வாடிக்கையாளர் எழுதி 24 மணி நேரத்துக்குள்ள நீங்க சாதாரணமா போடுற பதிலுக்குக் கட்டணம் இல்ல. உங்க அளவுக்கு ஏபிஐ இப்ப தேவையில்லை. பிராட்காஸ்ட் பட்டியல் நாலு நிறைஞ்சதும் யோசிங்க.

---

புலியூர்_முந்திரி:

கூரியர் எடை விஷயம் இப்பத்தான் புரியுது, நன்றி. ரெண்டு கேள்வி பாக்கி: அந்த 8,000 ரூபாய் ரீல், அப்புறம் நாங்க என்ன ரீல் எடுக்கணும். இப்ப பாக்கெட்டை அடுக்கி வெச்சு டிரெண்டிங் பாட்டு போட்டுக்கிட்டிருக்கோம்.

---

மிஷன்வீதி_கேமரா:

பாட்டை முதலில் நிறுத்துங்கள். பிசினஸ் கணக்குக்கு சினிமாப் பாட்டு உரிமை கிடையாது. தனிநபர் கணக்கில் வைத்ததைப் பூஸ்ட் செய்யப் போனாலும் நிராகரிக்கும், சில நேரம் ஒலியை அறுத்துவிடும். உங்களிடம் அதைவிட நல்ல சத்தம் இருக்கிறது: முந்திரிக்கொட்டை உடையும் ஓசை, வறுத்த பருப்பை முறத்தில் தட்டும் ஓசை.

பாக்கெட் அடுக்கிய ரீலை யாரும் இன்னொருவருக்கு அனுப்ப மாட்டார்கள். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்ன மூன்று முக்கிய அளவுகோல்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக், மற்றவருக்கு அனுப்பியது. புதியவர்களிடம் போய்ச்சேர மூன்றாவதுதான் அதிகம் உதவும். ஆகவே பார்த்தவர் தன் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பத் தோன்றும் விஷயத்தை எடுங்கள்.

ஒன்று சொல்கிறேன். முந்திரியில் 180, 240, 320 என்பது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு என்ற எண்ணிக்கை. வாங்குபவர்கள் பெரும்பாலும் இதை அறியமாட்டார்கள், எண் கூடினால் தரம் கூடும் என்றுகூட நினைப்பார்கள். சமையலறைத் தராசை மேலிருந்து படம் பிடியுங்கள். கறுப்புத் தட்டு. 50 கிராம் வரும்வரை 180 ரகத்தை ஒவ்வொன்றாக வையுங்கள்: சுமார் 20 பருப்பில் நின்றுவிடும். அடுத்த தட்டில் 320 ரகம்: 35 பருப்பு ஆகும். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து, மேலே இரண்டின் கிலோ விலை. கடைசியில் ஒரு வரி: "பாயசத்துக்கு 320 போதும், அன்பளிப்புப் பெட்டிக்கு 180." பதினைந்து, இருபது நொடி. வேறு எதுவும் வேண்டாம்.

இதே மாதிரி: நமத்துப்போன வறுத்த முந்திரியை ஒடித்தால் சத்தம் எப்படி, புதியது எப்படி. நம் கடற்கரைக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்தபின் எந்த டப்பாவில் வைக்க வேண்டும். உடைந்த பருப்பு எந்தச் சமையலுக்கு லாபம். இந்த நான்கை ஒழுங்காக எடுத்தாலே ஒரு மாதம் ஓடும். வாரம் மூன்று அவசியமில்லை, ஒன்று போதும்.

செங்குத்துப் படம், 1080க்கு 1920. எழுத்தை நடுப்பகுதியில் வையுங்கள், அடியில் கேப்ஷனும் வலப்பக்கம் பொத்தான்களும் மறைத்துவிடும். பலர் ஒலி இல்லாமல் பார்ப்பதால் தமிழில் வரி ஓடட்டும். இன்னொரு செயலியின் முத்திரை விழுந்த வீடியோவை இன்ஸ்டா புதியவர்களுக்குப் பரிந்துரைக்காது. முத்திரை இல்லாத மூலக் கோப்பையே யூடியூப் ஷார்ட்ஸிலும் ஏற்றுங்கள், அங்கேயும் 3 நிமிடம் வரை இடம் உண்டு.

8,000 ரூபாய் பற்றி: ஆர்டருக்கு உங்களுக்கு 100 ரூபாய் நிற்கிறது என்றால் 80 ஆர்டர் வந்தால்தான் முதல் திரும்பும். கொடுப்பதற்குமுன் அவர்களிடம் கடைசி ஐந்து ரீலின் இன்சைட்ஸ் (பார்வையாளர் புள்ளிவிவரம்) கேளுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை வேண்டாம், எந்தெந்த ஊர் என்ற பகுதியும் எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்பதும் வேண்டும். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால், அந்த வீடியோவை உங்கள் விளம்பரத்தில் 60 நாள் ஓட்ட அனுமதியையும் அதே தொகைக்குள் எழுதி வாங்குங்கள். ரீலைவிட அந்த அனுமதிக்குத்தான் மதிப்பு. தனிக் கூப்பன் சொல் ஒன்று கொடுத்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிவிடலாம்.

பணம் வாங்கிப் போடும் ரீலில் "விளம்பரம்" என்று வீடியோவிலேயே தெரிய வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விளம்பரம் கொடுத்தவரும் அதில் அடக்கம்.

இதை ஒட்டி ஒரு வேண்டுகோள். பண்ருட்டி வட்டாரத்தில் உடைக்கும் கொட்டையில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாவதும் கணிசம். உங்கள் சப்ளையரிடம் எந்தக் கொட்டை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பண்ருட்டியில் உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்தது" என்று தைரியமாக எழுதலாம். "பண்ருட்டி செம்மண்ணில் விளைந்தது" என்று எழுத அது உண்மையாக இருக்க வேண்டும். அந்த ஊர்ப் பேரை நம்பித்தான் மக்கள் காசு தருகிறார்கள்.

---

கணக்கு_மஞ்சை:

எல்லோரும் விட்டது ஒன்று. கடலூரிலிருந்து பாண்டிக்குப் பார்சல் அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான ஜிஎஸ்டி). வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும், சட்டத்தின் 24ஆவது பிரிவு. நீங்கள் காம்போசிஷனில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் எளிய ஜிஎஸ்டி முறை) இருந்தால் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே முடியாது, உப்பளம் சொன்ன உள்ளீட்டு வரியும் கிடைக்காது. 20 கி.மீ. தூரம்தானே என்று சாதாரண பில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பாண்டிக்கு ஊசி குத்துவதற்குமுன் பதிவை வழக்கமான முறைக்கு மாற்றுங்கள். அதுவரை கடலூர், நெய்வேலி, சென்னைக்கு மட்டும் விளம்பரம் ஓடட்டும்.

---

புலியூர்_முந்திரி:

காம்போசிஷன்லதான் இருக்கோம். அப்போ முதல்ல ஆடிட்டர்கிட்ட பேசிடுறேன். பாண்டி பூஸ்ட்டை இப்பவே நிறுத்திட்டேன். கடைசியா ஒண்ணு: எந்த வழியா ஆர்டர் வந்ததுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

---

தேவனாம்பட்டினம்_607:

வாட்ஸ்அப் நேரடி இணைப்போட கடைசியில தயார் வாசகம் ஒண்ணு சேர்க்கலாம். மேப்ல வைக்கிற இணைப்புக்கு "மேப்பில் பார்த்தேன்", இன்ஸ்டா பயோவுக்கு "இன்ஸ்டாவில் பார்த்தேன்", பாக்கெட் சீட்டு க்யூஆருக்கு "ஏற்கெனவே வாங்கியிருக்கேன்". தட்டுறவர் அப்படியே அனுப்பிடுவார். வந்ததும் அதே பேர்ல லேபிள் ஒட்டுங்க, பணம் வந்தா "கட்டியாச்சு"ன்னு இன்னொரு லேபிள். ஃபோன்ல கூப்பிடுறவங்ககிட்ட மட்டும் "எங்கே பார்த்தீங்க?"ன்னு வாயால கேட்டு நோட்டுல ஒரு கோடு போடுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி லேபிளை எண்ணினா எந்த வழிக்கு அடுத்த வாரம் காசு வைக்கணும்னு தெரிஞ்சிடும்.